தெளிவான படம் வரைந்து பாகம் குறி

விலங்கியல் முதலாம் ஆண்டு என்பது பாதி நாள் ஏதாவது ஒரு பூச்சியைத் தேடி அலைவது, மீதி நாள் அதே பூச்சியைப் பென்சிலால் வரைவது. பென்சில் சீவிச் சீவிக் கட்டைவிரல் காய்த்துப்போனவர்களே, ஃபார்மலின் நெடி சுடிதாரில் ஏறி, நெரிசல் பஸ்ஸிலும் பக்கத்து சீட் காலியாகவே வந்தவர்களே, இதெல்லாம் உங்களுக்குப் புதிதல்ல. இருந்தாலும் கேளுங்கள்.

ஊர் ஒலக்கூர் பக்கம். சேர்ந்தது திண்டிவனத்தில் ஒரு காலேஜ். நர்சிங் கேட்டேன், கிடைக்கவில்லை. விலங்கியல் கேட்கவில்லை, கிடைத்தது. சேர்ந்த அன்றைக்கே அப்பா ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பேப்பர் போனாலும் படிப்பு போதும், அக்காவோடு வேனில் ஏறிவிட வேண்டும். வேன் என்றால் செய்யாறு பக்கத்தில் இருக்கும் செருப்பு கம்பெனியின் வேன். கருக்கலில் வந்து எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். என் அக்கா ஸ்டெல்லா ப்ளஸ் டூவில் என்னைவிட நல்ல மார்க் வாங்கியவள். அந்த வருஷம் அப்பா பனைமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டார். அக்கா வேனில் ஏறினாள். அப்பா கால் தேறி மறுபடி கூலி வேலைக்குப் போன பிறகும் அவள் இறங்கவில்லை. எனக்கு அந்த வேன் மேல் கோபம் ஒன்றும் கிடையாது, அதைக் கண்டால் பயம் அவ்வளவுதான். காலேஜ் போன முதல் ஆறு மாசமும் அது தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது போர்வைக்குள் விழித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன ரெக்கார்டு பாக்கி என்று கணக்குப் போடுவேன்.

ஆளுக்கு இரண்டு, உயிரோடு

முதல் பிராக்டிகலுக்குப் பத்மினி மேடம் சொன்னது இதுதான்: ஆளுக்கு இரண்டு கரப்பான்பூச்சி, உயிரோடு. எங்கள் வீட்டில் கரப்பான் தங்குகிற அளவுக்கு சாமான் கிடையாது. கடைசியில் ஊர் மளிகைக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கடையில் கரப்பான் இருக்குதுன்னு யார் சொன்னா என்று சத்தம் போட்டார். போட்டுக்கொண்டே அரிசி மூட்டையை நகர்த்தி இரண்டு பிடித்தும் கொடுத்தார். ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ரூட் கண்டக்டர் தமாஷ் பேர்வழி. சிரிக்காமல் தமாஷ் பண்ணுவார். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது அல்லவா, என் கையில் அந்த இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு பாட்டிலைக் குனிந்து பார்த்தார். "உனக்கு ஃப்ரீ. இதுங்க ரெண்டும் ஆம்பளையா பொம்பளையா? ஆம்பளைன்னா டிக்கெட் எடுக்கணும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. விலங்கியல் மாணவி, முன்னால் இருக்கிற மிருகம் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. பாட்டிலைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

அன்றைக்கே மேடம் அதைத்தான் நடத்தினார். ஆண் கரப்பானுக்கு வால் பக்கம் வழக்கமான இரண்டு கொம்போடு, நடுவில் முள் மாதிரி மெல்லிசாக இன்னும் இரண்டு இருக்கும். லென்ஸை வைத்துப் பார்த்தேன். என்னுடையது இரண்டும் ஆண். சாயங்காலம் அதே பஸ், அதே கண்டக்டர். காலரைத் தூக்கிவிடாத குறையாகப் போய்ச் சொன்னேன், ரெண்டும் ஆம்பளைதாங்க என்று. அவர் பையைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். "அப்போ காலைல ரெண்டு பேரு வித்தவுட்ல வந்துக்கிறாங்க. செக்கர் ஏறியிருந்தா மெமோ எனக்குத்தாம்மா."

யார் கை?

ரெக்கார்டு நோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் படம். எனக்கு வரையவே வராது. நான் வரைந்த அமீபா ஒன்றுதான் சரியாக இருந்தது, அமீபா எப்படி இருந்தாலும் சரிதான். பாரமீசியம் வரைந்தபோது மேடம் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, திரும்ப வரை என்று எழுதினார். ரெக்கார்டில் கையெழுத்து வாங்காமல் பிராக்டிகல் ஹாலுக்குள் விடமாட்டார்கள். ஹாலுக்குள் போகாவிட்டால் பேப்பர் போச்சு.

அன்று நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்த அக்கா, நான் அழித்து அழித்துக் காகிதத்தையே ஓட்டை போட்டிருப்பதைப் பார்த்தாள். முகம் கழுவிவிட்டு வந்து, பென்சிலைப் பிடுங்கி, ஒரே இழுப்பில் பாரமீசியத்தை வரைந்தாள். கம்பெனியில் அவளுக்கு வேலையே தோலின் மேல் தையல் போகிற இடத்துக்குக் கோடு போடுவதுதான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு கோடு, ஒன்றும் நடுங்கக் கூடாது. அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. அவள் வரைவாள், நான் பாகங்களின் பெயரைப் படித்துக் காட்டுவேன், பாகத்துக்கு நேரே அம்புக்குறி போட்டு நான் எழுதுவேன். அவள் சும்மா வரையமாட்டாள். இது எதுக்கு, இது எங்கே போய்ச் சேருது என்று நோண்டிக்கொண்டே இருப்பாள். சொல்லத் தெரியாவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள், நான் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்தச் செமஸ்டரில் நான் படித்ததெல்லாம் அவளிடம் பதில் சொல்வதற்காகப் படித்ததுதான்.

கல்லீரல் புழுவின் படத்தை மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். எனக்குத் தலை நிமிரவில்லை. வெரி குட் போட்டுக் கையெழுத்து போட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, இவ்ளோ அழகா வரையற கை, பேர் எழுதறப்போ மட்டும் ஏன் கோழி கிண்டின மாதிரி ஆயிடுது?"

சுத்தமான இறால்

என் லேப் டேபிளில் பக்கத்து ஆள் ஆஷிகா. கோட்டக்குப்பம். அத்தா துபாயில், வீட்டில் அம்மாவும் அவளும். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். இறால் பிராக்டிகல் வந்தபோது மேடம் அவளைத்தான் பிடித்தார். கடலோரத்தில் இருந்து வருகிறாய், வகுப்புக்கு மொத்தமாக ஒரு கிலோ நீயே வாங்கி வந்துவிடு என்றார். இறாலுக்குப் பத்தொன்பது ஜோடி உறுப்புகள். மீசை, தாடை, நடக்கிற கால், நீந்துகிற கால் என்று வரிசையாகப் பிரித்து, அட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும். அதுதான் பிராக்டிகல்.

ஆஷிகா ஆறு அடுக்கு தூக்குப் பாத்திரம் மாதிரி பெரிய டப்பா ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தாள். எல்லோரும் ஊசியும் இடுக்கியுமாகச் சுற்றி நின்றோம். மூடியைத் திறந்தாள். உள்ளே இறால் பளபளவென்று இருந்தது. தலை இல்லை, மீசை இல்லை, ஓடு இல்லை, ஒரு கால் இல்லை. முதுகு நரம்பு வரைக்கும் உருவி எடுத்து, மஞ்சள் தூள் போட்டு நாலு தண்ணியில் அலசியிருந்தது. எங்களுக்குத் தேவையான முப்பத்தெட்டு உறுப்புகளையும் ஒன்று விடாமல் நீக்கி, தேவையில்லாத உடம்பை மட்டும் அனுப்பியிருந்தார் அவள் அம்மா.

மேடம் டப்பாவையும் ஆஷிகாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஆஷிகாவுக்கு அழுகை முட்டியது. பிறகு மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்களுக்கும் வந்துவிட்டது. டப்பா கேன்டீனுக்குப் போய் வறுவலாகத் திரும்பி வந்தது. மத்தியானம் வகுப்பே சாப்பிட்டது. அந்த மாதிரி இறாலை நான் அதற்கப்புறம் சாப்பிடவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் ஆஷிகா அம்மாவுக்கு போன் போட்டு, காலை எல்லாம் ஏன் பிச்சுப் போட்டீங்க என்று சண்டை பிடித்தாள். ஸ்பீக்கரில் அந்த அம்மா கோபமாகவே பேசினார். "மீசையும் காலுமா அனுப்பிச்சா, கோட்டக்குப்பத்துக்காரங்களுக்கு எறா கழுவத் தெரியலன்னு உங்க டீச்சரம்மா நெனச்சிக்க மாட்டாங்களா?"

கடன் வாங்கிய புழு

மண்புழுவுக்கு நான் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பாவிடமே கேட்டேன். காலேஜில் சேர்ந்த பிறகு என் படிப்புக்கென்று அவரிடம் நான் கேட்ட முதல் பொருள் அதுதான். அதுவரைக்கும் அவர் என்னிடம் கேட்டதும் ஒரே கேள்வி, எல்லாத்திலயும் பாசாயிடுவ இல்ல?

மறுநாள் நிலக்காரர் வயலில் நடவு வேலை முடிந்து வரும்போது கேரி பேகில் ஈர மண்ணோடு கொண்டுவந்தார். பத்துக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் சாண் நீளம். வாசலில் சாக்கை விரித்துக் கொட்டி, நல்லதாக நாலு பொறுக்கினார். இதில் என்ன பார்ப்பீர்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். உடம்பில் மயிர் மாதிரி முள் இருக்கும், அதை ஊன்றித்தான் நகரும், விரலால் பின்பக்கமாகத் தடவினால் சுருக்கென்று படும் என்றேன். அவர் தடவிப் பார்த்தார். நாற்பது வருஷமாக மண்ணில் கிடக்கிறவர், அன்றைக்குத்தான் அந்த முள் அவர் கைக்குப் பட்டது. இதற்கு எட்டு ஜோடி இதயம் என்றேன். பதினாறா என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. நிபந்தனை போட்டவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று இருந்தது.

காலையில் புறப்படும்போது கேரி பேகை அவரே முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தார். வாசல்படி தாண்டியவளைத் திரும்பக் கூப்பிட்டார். "வேலை முடிஞ்சா சாவடிக்காம திருப்பி எடுத்துக்கினு வா. நெலம் அவுங்களுது, அப்ப புழுவும் அவுங்களுதுதான்."

ஏழுமலை அண்ணனின் அன்பு

எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் காலேஜிலும் இருந்திருக்கும், மறைக்காதீர்கள். ஸ்பாட்டர் என்று சொல்லி, ஃபார்மலின் பாட்டிலில் மிதக்கிற உயிர்களை வரிசையாக வைத்து, பெயர்ச்சீட்டை மறைத்து, இது என்ன என்று கேட்பார்கள் அல்லவா? எத்தனையோ வருஷமாக ஃபார்மலினில் கிடந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்ட உயிர்கள். அதனால் சீனியர்கள் எங்களுக்குப் பாட்டிலைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வாய் உடைந்தது நாடாப்புழு. சிவப்பு மூடி போட்டது அட்டைப்பூச்சி. தண்ணீர் மஞ்சளானது கடல் வெள்ளரி. நூல் கட்டியது நீரிஸ் புழு. அவர்களுக்கு அவர்கள் சீனியர்கள் சொன்னது. ஒரு வாரத்தில் இருபது பாட்டிலும் எனக்கு மனப்பாடம். உள்ளே இருப்பதை நான் ஒரு தடவை கூட சரியாகப் பார்த்ததில்லை.

லேப் அட்டெண்டர் ஏழுமலை அண்ணன் எங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர். விழுப்புரத்திலிருந்து வெளித்தேர்வாளர் வருகிறார், பிள்ளைகள் மானம் போகக் கூடாது என்று, பரீட்சைக்கு முந்தின வாரம் யாரிடமும் சொல்லாமல் ஸ்டோர் ரூமில் கிடந்த புது பாட்டில்களை எல்லாம் இறக்கினார். கழுவினார். பழசைக் கொட்டிப் புது ஃபார்மலின் ஊற்றி, ஒவ்வொரு உயிரையும் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசிப் போட்டார். பரீட்சை அன்று உள்ளே போனோம். ஒரே அளவு, ஒரே நீல மூடி, இருபது பாட்டில். ஆஷிகா என் முழங்கையைக் கிள்ளினாள். மணி அடித்துவிட்டது.

முதல் பாட்டிலுக்கு முன்னால் நின்றபோது என் காதில் வேன் ஹாரன் கேட்டது, பொய் இல்லை. வேறு வழி இல்லாமல் உள்ளே இருந்ததைப் பார்த்தேன். நீளமாக ஒன்று. இரண்டு முனையிலும் வட்டமாக உறிஞ்சி. அக்கா வரைந்த படத்தில் இந்த வட்டம் இருந்தது, இது எதுக்கு என்று அவள் என்னை நோண்டியிருந்தாள். அட்டை என்று எழுதினேன். எனக்கு விழுந்த ஐந்து பாட்டிலில் மூன்று தேறியது. உறுப்புகளைப் பிரித்து ஒட்டுகிற மவுண்டிங்கும் ரெக்கார்டும் சேர்ந்து பிராக்டிகலில் தப்பித்தேன். வெளியே வந்தால் ஏழுமலை அண்ணன் வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் பல். யாருக்கும் அவரைத் திட்ட மனசு வரவில்லை. "ஒரு வாரமா கழுவினேம்மா உங்களுக்காக. மொத தபா எல்லாமே பளிச்சுனு தெரிஞ்சிருக்குமே?"

பத்து மார்க் நட்சத்திரம்

தியரி பேப்பரில் பத்து மார்க் கேள்வி ஒவ்வொன்றும் ஒரே வரியில்தான் முடிந்தது: தெளிவான படம் வரைந்து பாகம் குறி. நட்சத்திர மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஓடுகிற குழாய்களை வரையச் சொல்லியிருந்தார்கள். பாகங்கள் அத்தனையும் எனக்குத் தெரியும், ஒப்பிக்கச் சொன்னால் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். பென்சிலை எடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பாரமீசியத்துக்குப் பிறகு செமஸ்டர் முழுக்க நான் ஒரு படம்கூட வரையவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. கரப்பானின் குடல், இறாலின் கால், எல்லாக் கேள்வியிலும் அதே கதை. அழித்து அழித்து வரைந்ததில் மணி போனதுதான் மிச்சம், கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நான் வரைந்த நட்சத்திர மீனை கொஸ்டின் பேப்பரின் முதுகில் ஆஷிகாவுக்கு வரைந்து காட்டினேன். என்னைத் தேற்றத்தான் அவள் வாயைத் திறந்தாள். "நல்லாதான்டி இருக்குது. உள்ள ஒரு பல்பு மட்டும் போட்டன்னா, கிறிஸ்மஸுக்கு உங்க வீட்டு வாசல்ல மாட்டிடலாம்."

ரிசல்ட்

பொங்கல் முடிந்த வாரம் ரிசல்ட் வந்தது. போனில் பதிவு எண்ணைப் போட்டுத் திறந்தேன். மற்ற பேப்பர் எல்லாம் பாஸ். விலங்கியல் பிராக்டிகல் பாஸ். விலங்கியல் தியரிக்கு நேரே, மறுபடி எழுத வேண்டும் என்று இருந்தது. நாலு தடவை திரும்பத் திறந்து பார்த்தேன், மாறவில்லை. அக்கா ஷிப்ட் முடிந்து வந்ததும் காட்டினேன். போனை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அப்பா வந்தார், சொன்னேன். காலைத் தடவிக்கொண்டே, வேன்ல ஒரு சீட் காலியா இருக்குதாம், டிரைவருக்கு ஒரு போன் போட்டுடறேன், திங்கக்கெழமையில இருந்து போ என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன். எதிர்த்துப் பேச எனக்கு நியாயம் இல்லை. அக்கா உள்ளே போய் என் ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அப்பா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது, படம் பார்க்கத் தெரியும். கரப்பான், இறால், அட்டை. மண்புழுவின் பக்கம் வந்ததும் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, யார் வரைந்தது என்றார். நான்தான் என்று அக்கா சொன்னாள். உனக்கு இதெல்லாம் தெரியுமா என்றார். அவள் அந்தப் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொன்னாள், ஒன்றுகூடத் தப்பு இல்லை. சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நான் வரைஞ்சி குடுத்ததாலதான் இவளுக்கு வரைய வரல, அதனாலதான் பேப்பர் போச்சு. பெயிலுன்னா ரெண்டு பேரும் சேந்துதாம்ப்பா பெயிலு. அதுக்கு வேன்ல ஒருத்தி போனா போதும், நான்தான் போய்க்கினு இருக்கேனே."

அப்பா டிரைவருக்கு போன் போடவில்லை, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைத் தொடாமல் வாயால் மட்டும் சொல்லிக்கொடுக்க நூறு நட்சத்திர மீன் வரைந்து ஏப்ரலில் அந்தப் பேப்பரை எழுதி இரண்டு பேரும் பாஸானோம், ஆனால் மார்க் ஷீட்டில் ஒரு பெயர் போடத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.